படகின் காலைத் தூங்கவைத்தவர்

லண்டன் எட்மண்டனில் நாங்கள் இருந்த வீட்டின் பின்பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. ஐப்பசி பிறந்து முதல் குளிர் காதில் பட்டதும், யாரும் கேட்காமலே எங்கள் மேல்மாடி அறைக்காரர் அந்தக் குழாயடிக்குப் போவார். உள்ளே தண்ணீரைப் பூட்டிவிட்டு வந்து, குழாயைத் திறந்து, கடைசிச் சொட்டு விழும்வரை குந்தியிருந்து பார்ப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நீள ரப்பர் குழாயைச் சுருட்டி, வாய் கீழே பார்க்கும்படி வேலியில் தொங்கவிடுவார். பூவாளியைக் கவிழ்ப்பார். என் மனைவி அடுக்கி வைத்த வெறும் பூச்சட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பார்.

"தண்ணி நிண்டால் குளிருக்கு வெடிக்கும் அக்கா" என்பார் அவளிடம்.

ஒரு வெள்ளிக்கிழமை திருநீறு பூசிக்கொண்டு ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு வெளிக்கிட்டு நிற்கிறேன். என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "அண்ணை, ஆர்ச்வே வரைக்கும் போறியள். வடிக்கிறதை எல்லாம் வடிச்சுப்போட்டுத்தானே வெளிக்கிடுறியள்?" என்றார். கோயிலுக்குப் போகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? நான் முறைத்தேன். ஆனால் பஸ் வரும்முன் ஒருதரம் திரும்பிப் போய்விட்டுத்தான் வந்தேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதற்கும் பதிலாக ஏதாவது செய்வார். இந்த வயதில் எனக்குத் தாங்காது.

மன்னார்க் கரையில் பிறந்த வேதக்காரர், கத்தோலிக்கர். எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்து, எங்கள் வீட்டு மேல்மாடியில் கட்டிலும் கதவும் ஒன்றையொன்று இடிக்கும் சின்ன அறையில் இருந்தார். எங்களுடன் சாப்பிட்டு, எங்கள் வீட்டு ஆளாகவே ஆனார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பெற்றோல் ஷெட்டுக்கும் கடைக்கும் வேலைக்குப் போனார்கள். நான் பிஸ்கட் பாக்டரிக்குப் போனேன். அவர் ஒருவர்தான் லீ ஆற்றங்கரையில் படகு திருத்தும் யார்ட் ஒன்றைத் தேடிப்பிடித்து, அங்கே போய் நின்றுகொண்டார். தகப்பனின் மீன்பிடிப் படகில் சின்ன வயதிலேயே எஞ்சின் கழற்றிப் பூட்டிய கை அவருக்கு.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. எதையும் கண்டுபிடித்த உடனே சொல்லமாட்டார். கண்டுபிடித்ததைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாங்கள் கிடந்து தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் ஒரே பதில்தான்: "தண்ணியில இறங்கேக்க பாப்பம்."

குளிர்காலம் முழுக்கப் படகைக் கரையில் ஏற்றி வைத்திருப்பார்கள். அதற்குச் செய்த வேலை சரியா பிழையா என்பது, வசந்தத்தில் தண்ணீரில் இறக்கும்போதுதான் தெரியவரும். அங்கே பழகிய வார்த்தையை அவர் எல்லாவற்றுக்கும் பாவித்தார். மழை வருமா? விசா கிடைக்குமா? என் மனைவி வைத்த கறிவேப்பிலைக் கன்று பிழைக்குமா? எல்லாம் தண்ணியில இறங்கேக்கதான்.

ஒருமுறை எங்கள் வாஷிங் மெஷின் கரகரவென்று கத்திவிட்டு நின்றுபோனது. "பழைய மெஷினைத் தலையில கட்டிப்போட்டார்" என்று மனைவி என்னைப் பேசத் தொடங்கினாள். அவர் புதன்கிழமை மெஷினைக் கழற்றிப் பார்த்தார். வியாழன் பேச்சு வாங்கினேன். வெள்ளி, சனியும் வாங்கினேன். அவர் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டு, "பாவம் அண்ணை" என்று மட்டும் சொன்னார். ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சாப்பிட இருந்தபோது, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மனைவியின் கோப்பைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். அவளுடைய கொண்டை ஊசி.

"மெஷினும் கொண்டை போட ஆசைப்பட்டிருக்கு அக்கா."

"இதைப் புதனே சொல்லியிருக்கலாம்தானே தம்பி?"

"புதன் சொல்லியிருந்தால் வியாழன் மறந்திருப்பியள். இப்ப சாகுமட்டும் மறக்கமாட்டியள்."

அவள் மறக்கவில்லை. அது பின்னால் வரும்.

அவருக்கு அந்த யார்ட்டில் வேலை நிரந்தரமாகவில்லை. வெள்ளைக்கார முதலாளி, பேச்சுக் குறைந்த மனிதர், ஒரு சோதனை வைத்திருந்தார். "இந்தக் குளிர்காலம் ஒரு படகின் காலை நீ தனியாகக் குளிருக்குப் பக்குவம் செய்து வை. வசந்தத்தில் அது நல்லபடி ஓடினால் வேலை உனக்கு. இல்லையென்றால் அதோடு சரி." மன்னாரில் அவருடைய மனைவி காத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடித்து நான்கு மாதத்தில் பிரிந்தவர்கள். நிரந்தர வேலைக் கடிதம் இருந்தால்தான் மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். அந்த விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து, ஒரு எழுத்தும் எழுதாமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

கால் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். சில படகுகளில் எஞ்சின் உள்ளே இருக்கும். அதன் விசையை வாங்கி, பின்பக்கச் சுவருக்கு வெளியே தண்ணீருக்குள் தொங்கும் ஓர் உறுப்பு உண்டு. அதன் அடியில்தான் புரொப்பெல்லர் சுழலும். அதற்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் என் வாயில் நுழையாது. யார்ட்டில் எல்லோரும் கால் என்றுதான் சொல்லுவார்களாம். அவரும் அப்படித்தான் சொன்னார், யாரோ உறவுக்காரருடைய காலைப்பற்றிச் சொல்வதுபோல.

"ஞாயிற்றுக்கிழமை பூசை பாத்திட்டு மத்தியானம் போய்க் காலைத் தூங்கவைக்கப்போறன். வந்து பாருங்கோவன் அண்ணை" என்றார்.

அந்த ஞாயிறு எங்களுக்கு ஆயுதபூசை. ஒருவருடைய வாழ்க்கையே ஓர் இரும்புக் காலில் தொங்கும்போது, அந்தக் கால் பூசையில்லாமல் கிடக்கலாமா? அவர் வேதக்காரர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்தானே. அவரிடம் சொல்லாமல் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போனேன். காலையில் பால்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போன கண்ணாடிப் போத்தலில் ஒன்று, சந்தனம், குங்குமம், பின்வளவுச் செவ்வந்தி, ஒரு எலுமிச்சங்காய், கற்பூரம், எல்லாம் ஒரு பையில்.

படகு கட்டைகளின்மேல் ஏறி நின்றது. கால் கறுப்பாய்க் கீழே தொங்கியது. புரொப்பெல்லரை அவர் முதல்நாளே கழற்றி, அராவி மினுக்க வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். முருகா, இந்தப் பிள்ளையின் வேலை நிலைக்கவேணும், அந்தப் பெண்பிள்ளை வந்து சேரவேணும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டு, மேலிருந்து கீழே முழுப் போத்தல் பாலையும் வார்த்தேன். துடைத்துச் சந்தனம் தடவினேன். பொட்டு வைத்தேன். பூவைச் செருகினேன். அடியில் எலுமிச்சங்காய் வைத்தேன். கற்பூரத்தை எடுத்தபோதுதான் சுவரில் சிகரெட்டுக்குக் குறுக்கே கோடு போட்ட படம் கண்ணில் பட்டது. பக்கத்தில் பெற்றோல் பீப்பா. கற்பூரத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். முருகன் மன்னிப்பான்.

அவர் வந்தார். காலைப் பார்த்தார். "வடிவா இருக்கு அண்ணை. பொம்பிளை பாக்கப் போகலாம்" என்றார். பிறகு முழங்காலில் நின்று, அடியில் ஒரு பேசினை வைத்து, காலின் கீழ்நுனியில் இருந்த திருகாணியைக் கழற்றினார்.

உள்ளே இருக்கும் எண்ணெய் தேன்போலக் கட்டியாய் வரவேண்டும் என்று முதலே எனக்குச் சொல்லியிருந்தார். வந்தது தேன் இல்லை. பால்விட்ட கோப்பி. வெள்ளையும் சாம்பலும் கலந்து, கொழகொழவென்று பேசினுக்குள் விழுந்தது.

அவர் பேசினைப் பார்த்தார். என் கையிலிருந்த வெறும் போத்தலைப் பார்த்தார்.

"அண்ணை, எவ்வளவு ஊத்தினியள்?"

"ஒரு... ஒரு போத்தல்."

"முழுக்கவுமோ?"

"தம்பி, நான் வெளியாலதான் ஊத்தினனான்!"

"ஓம், வெளியாலதான் ஊத்தினியள். உள்ளாலதான் வருது."

வெறும் போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "ஐயோ, இப்ப என்ன செய்யிறது?"

அவர் எண்ணெயில் விரலைத் தோய்த்து, தேய்த்து, மணந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். "தண்ணியில இறங்கேக்க பாப்பம்" என்றார். பேசினைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் குடிலுக்குப் போனார். கண்ணாடிக்குள்ளால் முதலாளி என்னை எட்டிப் பார்த்தது தெரிந்தது. நான் படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

திரும்பி வந்து நெடுநேரம் வேலை செய்தார். நான் ஓர் ஓரத்தில் பஞ்சமாபாதகன்போல நின்றேன். காலின் அடியில் எதையோ கழற்றினார், எதையோ பூட்டினார். புது எண்ணெயைக் கீழ்த்துளையால் மேல்நோக்கி ஏற்றினார். மேல்துளையில் எண்ணெய் எட்டிப்பார்த்த பிறகே நிறுத்தினார். மேலால் ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடுமாம். எஞ்சினில் தங்கிய தண்ணீரை வடித்தார். மூட்டெல்லாம் கிரீஸ் ஏற்றினார். படகுக்கும் காலுக்கும் நடுவில் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பாய் ஒரு ரப்பர் உறை இருந்தது. அதை மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தார்.

"காலைத் தூக்கிக் கட்டினால் என்ன தம்பி, நிலத்தில முட்டாமல் இருக்குமே?" என்று மெல்லக் கேட்டேன். ஏதாவது உதவியாய் இருப்போமே என்று.

"அதுதான் எல்லாரும் விடுற பிழை. தூக்கினால் ரப்பர் மடிஞ்சபடியே வெடிக்கும், உள்ளுக்குத் தண்ணியும் நிக்கும். நித்திரைக்குப் போற கால் தொங்கவேணும் அண்ணை." பிறகு கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார்: "பாலும் வடியும்தானே."

அன்றைக்கே நேர்த்தி வைத்தேன். படகு தண்ணீரில் இறங்கும்வரை மீன் இறைச்சி இல்லை. வெள்ளிதோறும் ஆர்ச்வே ஸ்ரேசனிலிருந்து கோயில்வரை மேட்டில் செருப்பில்லாமல் நடப்பேன். ஐப்பசியில் வைத்த நேர்த்தி, தை மாதத்தில் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. நிலம் கண்ணாடிபோல உறைந்த ஒரு வெள்ளிக்கிழமை, நான் வெளிக்கிடும்போது அவர் கிரீஸ் டப்பாவோடு வந்து நின்றார்.

"பூசிக்கொண்டு போங்கோ அண்ணை. எந்தக் காலெண்டாலும் கவனிப்பு ஒண்டுதான்."

அந்தக் குளிர்காலத்தில் அவர் எனக்குச் செய்தது கொஞ்சமல்ல. முன்பு கிழமைக்கு ஒருநாள் மீன் சமைத்தவர், மூன்றுநாள் சமைத்தார். விளைமீன் பொரித்துக்கொண்டு, "அண்ணை வாங்கோ... ஐயோ, மறந்துபோனன், நீங்கள் விரதம்" என்பார். பாக்டரியால் களைத்து வந்தால், "இண்டைக்குக் காலைப் போய்ப் பாத்தனான்" என்பார். "எப்பிடி இருக்கு?" என்று பதறினால், "ஒரு மாதிரி இருக்கு" என்பார். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி? சொல்லமாட்டார்.

ஆனால் இன்னொன்றும் சொல்லவேண்டும். மினுக்கிய புரொப்பெல்லரை நான் எங்கள் சாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து, நாள்தோறும் பூ வைத்தேன். அதை அவர் ஒருநாளும் பகிடி பண்ணவில்லை. ஒருநாள் யாரும் இல்லையென்று நினைத்து, அதன்முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டதைப் படியிலிருந்து கண்டேன்.

குளிர் அந்த வருடம் கொடுமையாய்ப் போனது. எங்கள் தெருவில் பல வீடுகளில் குழாய் வெடித்தது. எங்கள் வீட்டில் வெடிக்கவில்லை.

பங்குனி வந்தது. படகு இறக்கப் பத்து நாள் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு குற்றமும் செய்யாத மனிதன் என் பாலால் வேலையை இழந்து, அவன் மனைவி மன்னாரிலேயே கிடக்கவேண்டுமா? பாக்டரிக்கு லீவு சொல்லி, அவர் வேறு யார்ட்டுக்குச் சாமான் எடுக்கப் போன நேரம் பார்த்து, முதலாளியின் குடிலுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "சேர், நோ பிளேம் மை பிரதர். மில்க், மை மிஸ்ரேக்" என்று சொல்லிக் கும்பிட்டேன்.

முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை. கையால் ஊற்றிக் காட்டினேன். அப்போது அவர் சிரிக்கத் தொடங்கினார். பேச்சுக் குறைந்த அந்த மனிதர் சிரித்த சிரிப்பில், மூலையில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து, மோதிரம் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஓரம் தேய்ந்து போயிருந்தது. எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். இந்த வளையம் தேய்ந்ததால் கோடை முழுக்க ஆற்றுத் தண்ணீர் காலுக்குள் போயிருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் பால் நிறம்தான். வெளியே எத்தனை வாளி பால் ஊற்றினாலும் ஒரு துளியும் உள்ளே போகாது. உன் தம்பி அன்றைக்கே கண்டுபிடித்து, அன்றைக்கே மாற்றிவிட்டான். அதைக் கண்ட அன்றே அவனை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்துவிட்டேன். கடிதமும் ரைப் பண்ணியாயிற்று. இறக்குகிற அன்று கொடுப்பேன், விருப்பமென்றால் நீ முதலே சொல்.

ஐந்து மாதம்! ஐந்து மாதம் மீனில்லை. வெறுங்காலில் ஆர்ச்வே மேடு. கிரீஸ் டப்பா.

ஆனாலும் நல்ல செய்திதானே. கோபத்தைவிட மகிழ்ச்சிதான் மேலே நின்றது. உடனே சொல்லிவிடுவோம் என்றுதான் வீட்டுக்கு ஓடினேன். அவர் முதலே வந்துவிட்டிருந்தார். கதவைத் திறந்ததும் பொரித்த மீன் மணம். குசினியிலிருந்து குரல் வந்தது. "ஆர், அண்ணையோ? கால் இண்டைக்கு ஒரு மாதிரித்தான் இருக்கு அண்ணை!"

வாய்வரை வந்த செய்தியை எச்சிலோடு விழுங்கினேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லிப்போடாதேங்கோ. என்ரை கொண்டை ஊசிக்குக் கணக்குத் தீரட்டும்."

அந்தப் பத்து நாளும் நான் செய்தது பாவம்தான். மனிதர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விடிய எழும்பி ஜன்னலால் வானம் பார்ப்பார். சோற்றைப் பிசைந்தபடி இருப்பார். ஏழாம் நாள் அறைக் கதவு திறந்திருந்தது. படிவத்தை மடியில் வைத்து, பேனையால் எழுதாமல் விரலால் மனைவியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். என் மனம் உருகிவிட்டது. "தம்பி..." என்று வாயெடுத்தேன். அவர் சட்டென்று படிவத்தை மறைத்துவிட்டு, "அண்ணை, தவக்காலம் எண்டு நான் இறைச்சியை விட்டிட்டன். நல்லகாலம், இறாலை விடச்சொல்லி ஆண்டவர் சொல்லேல்லை. இரவைக்கு இறால் குழம்பு. மணத்தை மட்டும் உங்களுக்குத் தரலாம்" என்றார்.

இன்னும் மூன்று நாள் இருக்கட்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன்.

இறக்கும் நாள் காலை புரொப்பெல்லரைச் சாமித் தட்டிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூவரும் நடந்து போனோம். அவர் ஒரு பகிடியும் விடவில்லை. யார்ட்டில் புரொப்பெல்லரைப் பூட்டி, காலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்று, ஆற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, பால் கொண்டந்தனீங்களோ?"

"பாலோ? பால் உள்ளுக்குப் போயிட்டுது எண்டு நீர்தானே சொன்னனீர்?"

பிடரியைச் சொறிந்தார். "மெல்லமா ஊத்தினால் போகாது. ஒரு துளி. நெத்தியில தொட்டு வைக்கிறமாதிரி."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் பையிலிருந்து போத்தலை எடுத்து, மூன்று சொட்டு விட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கோயிலில் நிற்பதுபோல.

படகு இறங்கியது. எஞ்சின் ஒருமுறை இருமி, பிறகு பிடித்தது. ஆற்றில் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தைபோல அந்தக் கால் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது. கரையேறியதும் முதலாளி கடித உறையை நீட்டி, கையைக் குலுக்கி, என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எங்கள் ஆளின் முகம் மாறியது. உறையைப் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"பத்து நாளைக்கு முதலே உங்களுக்குச் சொன்னவராம்?"

"ஓம்."

"பத்து நாளும் தெரியுமோ?"

"தெரியும். தண்ணியில இறங்கேக்க சொல்லுவம் எண்டு இருந்தனான்." சட்டைப் பையிலிருந்து அந்தத் தேய்ந்த வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் மெதுவாக வைத்தேன்.

அவர் ஈரச் சீமெந்தில் அப்படியே குந்திவிட்டார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை. "வடியட்டும் அண்ணை" என்றார்.

அன்று மத்தியானம் அவர் கையால் எனக்கு மீன்குழம்பு சமைத்தார். முள்ளெடுத்தும் வைத்தார். அடுத்த வெள்ளி நான் செருப்போடு கோயிலுக்குப் போய், பத்து நாளுக்கும் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். முருகன் மன்னித்திருப்பான். அவர் மன்னிக்கவில்லை. அன்று தொடக்கம் அவர் தேநீர் போடும் முறை வந்தால், எல்லோருக்கும் பால் ரீ, எனக்கு மட்டும் பால் விடாத பிளேன் ரீ. ஏனென்று கேட்டால், "பயமாக் கிடக்கு அண்ணை, உள்ளுக்குப் போயிடும்" என்பார்.

அடுத்த வருடம் அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். மனோர் பார்க்கில் வீடெடுத்துப் போனார்கள். நாங்கள் முதல்முறை போனபோது அந்தப் பிள்ளை தட்டில் ரீ கொண்டுவந்தாள். மூன்று கோப்பை வெள்ளை, ஒன்று கறுப்பு. கறுப்பை நேரே என்முன் வைத்தாள்.

"பிள்ளை, எனக்குப் பால் விடலாம்" என்றேன்.

அவள் திகைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள். "உங்களுக்குப் பால் ஒத்துவராது, குடிச்சால் அஞ்சு மாதம் மீன் தின்னேலாது எண்டு இவர் ஊருக்குக் கடிதம் எழுதினவரெல்லோ அண்ணை?"

அவர் ஜன்னலால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பதான் தம்பி எனக்குப் பால் ரீ?"

"தண்ணியில இறங்கேக்க பாப்பம்" என்றார்.